திரை நெய்தது யார்?

திரை என்றால் இசுலாம் என்று முடிவு கட்டிவிடுவோர் நம்மிடையே பலர். புதுக்கோட்டையின் வரலாறு அம்முடிவை மறுக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி முத்துலட்சுமி, திரை மறைவில் அமர்ந்தே பாடம் கேட்டார். அவர் இசுலாமியர் அல்லர். பெண்ணைக் கண்டு அஞ்சிய சமூகம் எதுவாயினும், அது கையிலெடுத்த கருவி திரையே!

அவ்வாறாயின், திருக்குர்ஆன் கூறுவது யாது? 24-ஆம் அத்தியாயத்தின் 30-ஆம் வசனம் முதலில் ஆடவரை நோக்கியே பேசுகிறது. பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. அடுத்த வசனம் பெண்டிர்க்கு. வெளியில் தெரிவன தவிரப் பிற அழகைக் காட்டலாகாது. முக்காட்டால் மார்பை மறைத்திடல் வேண்டும் என்பது அதன் கருத்து.

‘வெளியில் தெரிவன’ எவை? இங்கேதான் உரை பிரிகிறது. மேலாடை மட்டுமே என்பது நபித்தோழர் இப்னு மசூதின் பெயரால் வழங்கும் கருத்து. முகமும் கைகளும் என்பது இப்னு அப்பாசின் பெயரால் வழங்குவது. 923-இல் மறைந்த பேருரையாளர் தபரி, பின்னதையே ஏற்றார். நூற்றாண்டுகள் கழித்து வந்த இப்னு தைமிய்யா, முகத்தையும் மூடச் சொன்னார். 33-ஆம் அத்தியாயத்தின் 53-ஆம் வசனத்தில் வரும் ‘ஹிஜாப்’ எனும் சொல்லோ ஆடையைக் குறிப்பதன்று. நபிகளாரின் இல்லத்துத் திரையைக் குறிப்பது.

மூலம் ஒன்று, உரை பல. உரைத்தவரோ பெரும்பாலும் ஆடவர்!

எகிப்தில் காசிம் அமீன் 1899-இல் பெண் விடுதலை பற்றி நூல் எழுதினார்; 1923-இல் ஹுதா ஷஅராவி கெய்ரோ தொடர்வண்டி நிலையத்தில் முகத்திரையை அகற்றினார். தமிழகத்தில் பெரியார் கோஷா முறையைக் கண்டித்தார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ எனும் புதினம் படைத்து, திரைக்குப் பின்னிருந்தும் எழுதுகோல் எழும் என்று காட்டினார்.

புதுக்கோட்டைக்கு மீள்வோம். 1991-இல் எழுந்த அறிவொளி இயக்கம், எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. முக்காடிட்ட இசுலாமிய நங்கையரும் ஊர்ச்சாலைகளில் மிதிவண்டி ஓட்டினர். முக்காடு அவர்களைத் தடுக்கவில்லை, தடுத்துவந்தது கட்டுப்பாடே. அதே மண்ணில் தாவூத் ஷரீபா கானம் மகளிர் ஜமாஅத்தை அமைத்தார். மணவிலக்கு, மகர், வாழ்க்கைப்பொருள் வழக்குகளை ஆடவர் மட்டுமே கூடித் தீர்ப்பளித்த நிலையில், பாதிக்கப்பட்ட பெண் தானே பேசுவதற்கு மன்றம் கண்டார். மகளிர்க்கெனப் பள்ளிவாசல் வேண்டும் என்றும் முழங்கினார். எதிர்ப்புப் பொங்கியது, அவர் பின்வாங்கவில்லை.

2022 அக்டோபர் 13 அன்று, கருநாடகப் பள்ளி மாணவியரின் ஹிஜாப் வழக்கில் உச்சநீதிமன்ற நீதியரசர் இருவர் இருவேறு தீர்ப்பளித்தனர். கற்றறிந்த நீதியரசரே வேறுபடும் பொருளில், ஓர் உரையை மட்டும் இறைவனின் முடிவென்று பெண்ணின் தலையில் ஏற்றுவது எவ்வாறு முறையாகும்? அணிந்தே தீர் என்று மிரட்டுவதும் ஆதிக்கம். அணிந்தால் கல்வியில்லை எனக் கதவடைப்பதும் ஆதிக்கம்.

பெண் கற்கட்டும், மூலத்தைத் தானே படிக்கட்டும், உரையும் எழுதட்டும். திரை வேண்டுமா, வேண்டாவா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்!