பத்தூர் நடராசர்: ஆவணம் இல்லாத செப்புத் திருமேனி அடையாளம் காணப்பட்டது எவ்வாறு?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம், 1982ஆம் ஆண்டு லண்டனில் சோழர் காலத்து நடராசர் திருமேனி ஒன்றை விலைக்கு வாங்கியது. மதிப்பீட்டுக்காகவும் பராமரிப்புக்காகவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்த நிலையில், அதனை லண்டன் மாநகரக் காவல்துறையினர் கைப்பற்றினர்.

தாங்கள் நல்லெண்ணத்துடன் வாங்கிய பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்த நிறுவனம் காவல்துறை ஆணையர் மீது வழக்குத் தொடுத்தது. தமிழ்நாட்டின் பத்தூர் கோயிலுக்குச் சொந்தமான திருமேனி அது என்று கூறி, இந்திய அரசும் தமிழக அரசும் கோயிலின் தரப்பும் அவ்வழக்கில் உரிமை கோரின.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நீடித்த அந்த வழக்கின் மையமாக இருந்தது ஒரே கேள்விதான்: லண்டனில் இருக்கும் இந்த நடராசர், பத்தூர் மண்ணில் இருந்து எடுக்கப்பட்ட அதே நடராசர்தானா?

புகைப்படமும் இல்லை, பதிவேடும் இல்லை

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், சிதைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலை ஒட்டிய நிலத்தில் 1976ஆம் ஆண்டு மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவரின் கண்ணில் பட்டவை இந்தச் செப்புத் திருமேனிகள். 1311ஆம் ஆண்டு மாலிக் கபூர் படையெடுப்பு போன்ற ஆபத்துக் காலங்களில், கோயில் திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்துக் காப்பது தமிழகத்தில் வழக்கமாக இருந்தது.

பூமிக்கடியில் கிடைக்கும் இத்தகைய பொருட்களை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பழம்பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பத்தூர் நடராசர் இடைத்தரகர்கள் பலரது கைமாறி லண்டன் சென்றடைந்தார். விற்கப்பட்டபோது அதன் பூர்வீகம் குறித்துப் பொய்யான விவரமே தரப்பட்டது.

ஒரு கோயிலில் வழிபாட்டில் இருந்து களவுபோன திருமேனியை அடையாளம் காண்பது ஒப்பீட்டளவில் எளிது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் இருந்து திருடப்பட்ட நடராசரை 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதனைக் காட்டிக் கொடுத்தது. 2014ஆம் ஆண்டு அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

சில வேளைகளில் கல்வெட்டே சாட்சியாகிறது. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி மண்ணுக்கடியில் இருந்து கிடைத்தவர். ஆயினும், அவரை எழுந்தருளுவித்த செய்தி அக்கோயில் கல்வெட்டில் இருப்பதால், கி.பி. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என்று உறுதியாகக் கூற முடிகிறது.

பத்தூர் நடராசருக்கு இத்தகைய வசதி எதுவும் இருக்கவில்லை. மண்ணில் இருந்து வெளிவந்ததும் மறைக்கப்பட்டுவிட்டதால், அவரைப் பதிவு செய்தவர் எவரும் இல்லை.

திருமேனியே சாட்சி

ஆகவே, பொருளிடமே சாட்சியம் தேட வேண்டியிருந்தது. பத்தூரில் இருந்து கிடைத்த மற்றத் திருமேனிகள் அதற்கு உதவின. தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி, கலைப்பாணியை ஆராய்ந்து தமிழகத் தரப்பில் சாட்சியம் அளித்தார்.

சோழர் காலத் திருமேனிகள் மெழுகினால் கருக்கட்டி, அதன் மீது மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் உலோகத்தை ஊற்றி வார்க்கப்பட்டவை. ஒவ்வொரு முறையும் அச்சு உடைக்கப்படுவதால், ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை. ஆனால் அணிகலன்கள், முகவெட்டு, பீடத்தின் அமைப்பு ஆகியவற்றில் ஒரே பட்டறையின் கைப்பழக்கம் தென்படும்.

அடுத்தது உலோகம். செம்புடன் கலந்துள்ள வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றின் விகிதமும், மிகச் சிறிய அளவில் உள்ள பிற தனிமங்களும் ஒரு வார்ப்பின் தன்மையைக் காட்டுகின்றன. எனினும் பழைய உலோகத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் இருந்ததால், உலோக ஆய்வு மட்டுமே ஊர்ப் பெயரைச் சொல்லிவிடாது.

மூன்றாவது மண். புதையுண்ட திருமேனியின் இடுக்குகளில் அந்த நிலத்தின் மண் ஒட்டிக்கொள்கிறது. பத்தூர் வழக்கில் மண்ணியல் நிபுணர்கள் மட்டுமன்றி, கறையான்கள் விட்டுச் சென்ற தடங்கள் குறித்துப் பூச்சியியல் நிபுணர்களும் கருத்துக் கூறினர்.

இவற்றில் எதுவும் தனித்து நின்று முடிவைத் தரவல்லது அன்று. எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போதே அடையாளம் வலுப்பெறுகிறது. லண்டன் நடராசர் பத்தூர் நடராசரே என்று நீதிபதி இயன் கென்னடி 1988ஆம் ஆண்டு தீர்ப்பளித்தார்.

கோயில் வழக்காட முடியுமா?

அடையாளம் நிறுவப்பட்ட பின்னரும், உரிமையாளர் யார் என்ற கேள்வி எஞ்சியது. அப்போது பிரிட்டன், கலைப்பொருட்களின் சட்டவிரோத வணிகத்துக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் சேர்ந்திருக்கவில்லை. 2002ஆம் ஆண்டில்தான் அது சேர்ந்தது. எனவே சாதாரணச் சொத்துரிமைச் சட்டத்தின் கீழேயே வழக்கு நடத்தப்பட்டது.

கோயில் தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர் என்பதை 1925ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் ஏற்றிருந்தது. இந்தியச் சட்டம் நபராக ஏற்கும் கோயில், தன் தக்கார் வழியாக இங்கிலாந்திலும் வழக்காடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு கூறியது. வழிபாடின்றிப் பல நூற்றாண்டுகள் சிதைந்து கிடந்த கோயிலின் உரிமையும் அழிந்துவிடவில்லை என்பதே இத்தீர்ப்பின் உட்பொருள்.

மண்ணோடு போகும் சாட்சியம்

அதே ஆண்டு நடராசர் தமிழகம் திரும்பினார். ஆயினும் களவு அச்சம் காரணமாகத் திருவாரூரில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்துக்கே கொண்டு செல்லப்பட்டார்.

பத்தூரில் திருமேனிகள் கிடைத்த குழியைத் தொல்லியலாளர் ஒருவர் முதலில் பார்த்திருந்தால், அவை புதைக்கப்பட்டிருந்த ஆழம், வைக்கப்பட்டிருந்த வரிசை, உடன் கிடந்த பொருட்கள் அனைத்தும் பதிவாகியிருக்கும். லண்டன் நீதிமன்றத்தில் இத்தனை துறை நிபுணர்கள் கூடியும் முழுமையாக மீட்க முடியாமல் போனவை அவை. திருடப்பட்ட திருமேனியை நீதிமன்றம் மீட்டுத் தரலாம். அது கிடந்த மண் சொல்லியிருக்கக்கூடிய வரலாற்றை மீட்டுத்தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.