மூன்றாவது சக்கரம்

விமானம் ஓட்டுகிறவர்களைக் கேட்டால், பறப்பது பெரிய காரியமில்லை, இறங்குவதுதான் என்பார்கள். சின்ன விமானங்கள் இறங்கும்போது உடைந்தால், வெகுகாலம் ஓட்டியவனுடைய கையைத்தான் குறை சொன்னார்கள். சக்கரம் இருக்கும் இடத்தை யாரும் அதிகமாகச் சந்தேகிக்கவில்லை. உபதேசம் மலிவு, சக்கரத்தை மாற்றப் பணம் வேண்டுமே!

1930-களில் இந்த விமானங்களுக்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். பாரமெல்லாம் முன் சக்கரங்களுக்குப் பின்னால். மாடு இழுக்கும் வண்டி நேராக வரும். அதையே பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், கோணிக்கொண்டு திரும்பும். விமானமும் அப்படியே. தரை தொட்டதும் பக்கக் காற்று சற்றுத் தள்ளினால் வால் முன்னே வரப் பார்க்கும். விமானம் சுற்றிக்கொண்டு இறக்கையைத் தரையில் தேய்க்கும். உயிர் பெரும்பாலும் தப்பும், பணம் தப்பாது.

உயிரை வாங்கியது வேறு. ஓடுபாதைக்கு நேரே வரக் கடைசியாகத் திரும்புகையில், வேகம் குறைந்த நிலையில் சுக்கானை அதிகமாக மிதித்தால், விமானம் பம்பரமாகச் சுழன்று விழும். சமாளிக்க அங்கே உயரம் இராது.

வர்ஜீனியாவில், லாங்லி ஆராய்ச்சிக் கூடத்தில் பிரெட் வீக் என்றொரு எஞ்சினீயர் இருந்தார். சகாக்களோடு ஓய்வு நேரத்தில் உழைத்து 1934-ல் ஒரு விமானம் கட்டினார். வால் சக்கரத்தை எடுத்து மூக்கடியில் வைத்தார். அதுவும் புதிதல்ல, கர்ட்டிஸ் 1909-லேயே செய்ததை நடுவில் மறந்திருந்தார்கள். 1937-ல் பறந்த அவருடைய 'எர்கூப்' விமானத்தில் சுக்கான் மிதிகளே இல்லை. மோட்டார் காரைப்போல் ஒரே சக்கரத்தைத் திருப்பினால் போதும். மூக்கை அளவுக்கு மேல் தூக்கவும் முடியாது. சுழலும் சுபாவம் அதற்கில்லை என்று 1940-ல் அமெரிக்க அரசாங்கமே சான்று கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் துணிக்கடை மாதிரி பெரிய கடைகளில் வைத்து விற்றார்கள். 1946-ல் மட்டும் 4000-க்கு மேல் செய்தார்கள்.

பழைய விமானிகள் சிரித்தார்கள். மிதியில்லாதது விமானமா? அவர்கள் சிரித்ததிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. பக்கக் காற்றில் எர்கூப் கோணலாகவே வந்து கோணலாகவே தரை தொடும்; பிறகு தானே நேராகிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு வயிறு கலங்கும். மிகவும் மெதுவாக வந்தால் சுழலாதே தவிர, திடுமென்று கீழே அமுங்கும். சீக்கிரமே விற்பனையும் படுத்துவிட்டது.

ஆனால் மூக்குச் சக்கரம் நிலைத்தது. 1951-ல் பைப்பர் கம்பெனி வைத்தது. 1956-ல் செஸ்னா 172 அதோடு வந்தது. வீக் 1957-ல் பைப்பரில் சேர்ந்து 'செரோக்கி' விமானத்தை அமைப்பதில் பங்குகொண்டார். அதில் மூக்குச் சக்கரம் இருந்தது. மிதிகளும் இருந்தன.