கிருத்ரசி, இர்க்-உன்-நசா, சயாட்டிகா: கரோல் பாக் கல்லூரியும் ஒரு நரம்பின் வரலாறும்

தில்லி கரோல் பாக்கின் அஜ்மல் கான் சாலை இன்று கடைவீதியாகவே பெரும்பாலோருக்கு அறிமுகம். அச்சாலைக்குப் பெயர் தந்த ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) அப்பகுதியில் எழுப்பிய ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரிக்கு 1916இல் வைஸ்ராய் ஹார்டிங் அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று காந்தி அதனைத் திறந்துவைத்தார். இரண்டு மரபு மருத்துவங்களுக்கு ஒரே வளாகத்தில் இடமளித்ததோடு, நவீன உடற்கூற்றியலையும் அறுவை மருத்துவத்தையும் மாணவர் கற்க வேண்டும் என்று அஜ்மல் கான் வலியுறுத்தினார். தொன்மையான நூல்களைக் கையில் வைத்திருந்த மருத்துவர்களுக்கு உடலை அறுத்துப் பார்க்கும் கல்வி ஏன் தேவைப்பட்டது? இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகப் பின்தொடையில் இறங்கும் ஒரு வலியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

அவ்வலிக்கு ஆயுர்வேதம் இட்ட பெயர் கிருத்ரசி. கிருத்ரம் என்பது பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும் வடசொல். நோயாளியின் நடை அப்பறவையின் நடையை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்ததென உரைப்பர். வலி முதலில் பிட்டத்தில் தோன்றி, இடுப்பு, முதுகு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என முறையே பரவும் என்கிறது சரக சம்ஹிதை. சுஸ்ருத சம்ஹிதையோ குதிகாலிலும் விரல்களிலும் முடியும் கண்டரைகளை, அதாவது தடித்த நாண்களை, வாதம் பற்றுவதால் காலை வீசித் தூக்க இயலாமற் போகிறது என விளக்குகிறது.

யுனானி மருத்துவம் இதனை இர்க்-உன்-நசா என்றது. இர்க் என்றால் நாளம். நசா என்பது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஓடுவதாகக் கருதப்பட்ட நாளத்தின் பெயர். உருதுப் பேச்சில் இது 'நிசா' என்று திரிந்து, பெண்களுக்குரிய நோய் என்ற தவறான பொருளும் சேர்ந்துகொண்டது. இப்னு சீனா தமது 'கானூன்' நூலில் இடுப்பு மூட்டோடு நின்றுவிடும் வலியையும், அங்கிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும் வலியையும் வேறுபடுத்திக் காட்டினார்.

வலியின் பாதையை இரு மரபுகளும் வியப்பூட்டும் துல்லியத்தோடு வரைந்திருந்தன. நோயாளி தன் விரலால் தொட்டுக் காட்டிய கோட்டை மருத்துவர் கவனமாகப் பதிவுசெய்ததன் பயன் அது. ஆயின் அப்பாதையில் ஓடுவது எது என்பதில் இரண்டுமே தவறின; ஒன்று நாண் என்றது, மற்றொன்று நாளம் என்றது. சிகிச்சையும் அதற்கேற்ப அமைந்தது. முழங்கால் மூட்டுக்கு நான்கு விரற்கடை மேலோ கீழோ சிரையைக் கீறிக் குருதி வெளியேற்றச் சொன்னது சுஸ்ருதம். கணுக்காலருகே குருதி வடிப்பது யுனானி முறை.

இத்தவறுக்கு அறியாமை ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. சுஸ்ருதம் பிண ஆய்வைக் கட்டாயமாக்கிய நூல். உடலை ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பின்னர் வேர், நார் முதலியவற்றாலான தூரிகையால் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்க்கச் சொன்னது அது. அம்முறையில் எலும்பும் மூட்டும் நன்கு புலப்படும். மென்மையான உறுப்புகளின் தொடர்ச்சியைப் பின்பற்றுவது கடினம். மேலும் சிரை, தமனி, ஸ்நாயு, கண்டரை என்ற அதன் பகுப்பில் இன்றைய பொருளிலான நரம்புக்குத் தனியிடம் இல்லை. இப்னு சீனாவின் நிலை வேறு. அவர் நூலின் உடற்கூற்றுப் பகுதி முதுகுத்தண்டிலிருந்து காலுக்குச் செல்லும் நரம்புகளைப் பேசுகிறது. நோய்ப் பகுதி மூட்டையும் நாளத்தையும் பேசுகிறது. ஒரே நூலின் இரு பகுதிகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அவற்றை இணைத்தவர் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமெனிக்கோ கொத்துஞ்ஞோ. 1764இல் வெளிவந்த அவரது நூல், மூட்டிலிருந்து எழும் இடுப்புவலி வேறு, நரம்பிலிருந்து எழும் வலி வேறு என நிறுவியது. படுத்திருக்கும் நோயாளியின் காலை மடக்காமல் உயர்த்தி வலியைத் தூண்டும் சோதனையை, லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் தமது ஆய்வேட்டில் விவரித்தார். காலைத் தூக்க இயலாமை என்று சுஸ்ருதம் குறித்த அடையாளமே இங்கு சோதனை முறையாக மாறியது எனலாம். முதுகெலும்பிடைத் தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் இவ்வலி தோன்றக்கூடும் என்பதை 1934இல் மிக்ஸ்டரும் பாரும் காட்டினர்.

அறுவை மேசையில் காணப்படுவது இதுதான். கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் நரம்பு வேர்களும் திரிகவெலும்பின் முதல் மூன்று வேர்களும் கூடி, உடலிலேயே மிகத் தடித்த நரம்பான சயாட்டிக் நரம்பு உருவாகிறது. அது இடுப்புக்கூட்டை விட்டு வெளியேறி, பெரும்பாலோரிடம் பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே வெளிப்பட்டு, பிட்டத்தின் பெருந்தசையால் மூடப்படுகிறது. உட்காரும்போது உடலைத் தாங்கும் எலும்புப் புடைப்புக்கும், தொடையெலும்பின் மேல்முனையில் வெளிப்புறமாகத் துருத்தும் புடைப்புக்கும் இடையே அது இறங்குகிறது. பின்தொடைத் தசைகளுக்குக் கிளைகள் தந்து, பொதுவாக முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. சரகர் வரிசைப்படுத்திய உறுப்புகளை இப்பாதை பெரிதும் ஒத்திருக்கிறது.

கரோல் பாக் கல்லூரியை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். அதன் திறப்பு விழாவில், நவீன அறிவியலாளரின் ஆய்வு வேட்கையைப் பாராட்டிய காந்தி, வைத்தியர்களும் ஹகீம்களும் அவ்வேட்கையின்றிப் பழஞ்சூத்திரங்களைப் பின்பற்றுவதைக் கடிந்தார். கல்கத்தாவில் கணநாத் சென் 'பிரத்யட்ச சாரீரம்' என்னும் சமஸ்கிருத உடற்கூற்று நூலைப் படைத்ததும் இதே காலத்துத் தேடலே. இவர்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். இன்று ஆயுர்வேதப் பாடநூல்கள் சயாட்டிக் நரம்பைக் 'கிருத்ரசி நாடி' என வழங்குகின்றன. நோயின் பெயர் உறுப்பின் பெயராயிற்று. இப்பெயரீடு பயனுள்ளதே எனினும், அந்நரம்பைப் பண்டை நூலாரே கண்டிருந்தனர் என்ற மயக்கத்தை அது மாணவரிடம் உண்டாக்கக்கூடும். மரபு கண்டது பாதையை. அறுவை கண்டது பொருளை. இவ்விரண்டையும் குழப்பாமல் இரண்டுக்கும் உரிய மதிப்பைத் தருவதே வரலாற்று நேர்மை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் முடிவதன்று. பிட்டத்தில் ஊசி போடும்போது இடம் தவறினால் சயாட்டிக் நரம்பு காயமுற்று, பாதத்தை மேலே தூக்க இயலாத ஊனம் நேரிடலாம். தசை குறைந்த குழந்தைகளிடம் இவ்வாபத்து அதிகம். அதனாலேயே பிட்டத்தை நான்காகப் பகுத்து மேற்புற வெளிக்கால்பகுதியில் மட்டும் ஊசியிட வேண்டும் என்ற விதி கற்பிக்கப்பட்டது. கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்வெளிப்புறமே ஏற்ற இடம் என்பது இன்றைய நடைமுறை. ஊசியைப் பிடிக்கும் கை எம்மருத்துவ மரபைச் சார்ந்ததாயினும், தோலுக்கடியில் நரம்பு இருக்கும் இடம் ஒன்றே. அவ்விடத்தை அறிந்த பின்னரே மருத்துவர் உடலைத் தொட வேண்டும் என்பதற்காகவே அஜ்மல் கான் ஹகீம்களையும் வைத்தியர்களையும் உடற்கூற்று வகுப்புக்கு அழைத்தார்.