ஓடோமீட்டர் சொல்லும் பொய்

பழைய கார் வாங்குபவர் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். குறைவாக ஓடிய வண்டிக்கு விலை அதிகம். அதனால் அமெரிக்காவில் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது.

1972-ல் மத்திய சட்டம் இதைத் தடை செய்தது. வண்டி கைமாறும்போது ஓடிய தூரத்தை எழுதித் தர வேண்டும். ஏமாந்தவர் நஷ்டத்தின் மூன்று மடங்கு அல்லது 1,500 டாலர், இதில் எது அதிகமோ அதைக் கேட்டு வழக்குப் போடலாம் என்றது அன்றைய சட்டம். ஆனால் தூரத்தை எழுதியது தனித்தாளில்! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் தயாரிப்பது சுலபம். 1986-ல் வந்த சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. உரிமைப் பத்திரத்திலேயே தூரம் பதிவானது.

ஆனால் பத்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு விலக்கு இருந்தது. கார்கள் நீண்ட காலம் உழைக்கத் தொடங்கியதும் அதுவே மோசடிக்கு வசதியானது. எனவே 2021 முதல், 2011 மாடலும் அதற்குப் பிந்தியவையும் 20 ஆண்டுகள் வரை கணக்குக் காட்டியாக வேண்டும்.

விற்பவருக்குத் தெரிந்த உண்மை வாங்குபவருக்கும் தெரிந்தால்தான் அது நியாயமான வியாபாரம்.