தத்துவம் என்ற சௌகரியம்

பௌத்தம் மதமல்ல, தத்துவம் என்று பல வருஷங்களாகச் சொல்லிவந்தவன் நான். நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்றிரண்டு கூட்டங்களில் சற்று அழுத்தமாகவே சொல்லியிருக்கிறேன். சிருஷ்டிகர்த்தா கிடையாது, ஆன்மா கிடையாது. இருப்பது துக்கம், அதன் காரணம், அதன் நிவிர்த்தி, நிவிர்த்திக்கான மார்க்கம். இதைப் போய் மதம் என்பதா என்பது என் வாதம். வாதத்தில் பெரிய பிழை இருப்பதாக இன்றும் எனக்குப் படவில்லை. அதைச் சொல்வதில் எனக்கிருந்த சௌகரியம்தான் இப்போது உறுத்துகிறது.

கேள்வியே அவ்வளவு பழையதல்ல. பிரெஞ்சு அறிஞர் பர்னூஃப் 1844இல் இந்திய பௌத்த வரலாற்றுக்கு முன்னுரையாக ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் ஆசியாவுக்கு வந்தவரல்லர். நேபாளத்திலிருந்து ஹாட்ஜ்சன் அனுப்பிய சமஸ்கிருதச் சுவடிகளே அவருக்கு ஆதாரம். சுவடிகள் வழியே மட்டும் ஒரு மதத்தைச் சந்திக்கிறவனுக்குச் சித்தாந்தம் முன்னால் வந்து நிற்கும். சாவு வீடும் கல்யாணப் பந்தலும் தெரியாது. அடுத்து கர்னல் ஆல்காட். 1881இல் சிங்கள பௌத்தர்களுக்காக ஒரு வினாவிடை நூல் எழுதினார். மதம் என்ற சொல் பௌத்தத்துக்குப் பொருந்தாது, அது ஒரு நீதித் தத்துவம் என்று அந்நூலின் அடிக்குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆனால் நூலின் உருவம் கிறிஸ்துவப் பாதிரிகளின் வினாவிடையிலிருந்து எடுத்தது. வைசாக தினத்துக்கு அரசாங்க விடுமுறை கேட்டு வாதாடியவரும் அவரே. அது 1885இல் கிடைத்தது. பௌத்தக் கொடி உருவானதிலும் அவர் கை உண்டு. தத்துவம் அடிக்குறிப்போடு நின்றுவிட்டது.

தமிழில் இந்தப் பாகுபாடு இருந்ததாகவே தெரியவில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து வாதிகளை அவள் ஒவ்வொருவராகக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி இவர்களோடு அளவைவாதியும் சாங்கியவாதியும் வைசேடிகவாதியும் வருகிறார்கள். எல்லாம் பூதங்களின் சேர்க்கைதான் என்கிற பூதவாதியும் உண்டு. காதையின் தலைப்பு அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான் தருகிறது: சமயக்கணக்கர். 29ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கம் கற்பிக்கிறார்; 30இல் சார்புகளின் தொடரைக் கேட்டு அவள் நோன்பு ஏற்கிறாள். நம் விமர்சகர்கள் இவற்றைத் தத்துவப் பகுதி என்று தனியே பிரித்துப் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். இடையில் 28ஆம் காதை இருக்கிறது. மழை பொய்த்த காஞ்சிக்குப் போய், அமுதசுரபியிலிருந்து எடுத்து எடுத்துப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். வாதங்களைக் கேட்டதற்கும் தர்க்கம் கற்றதற்கும் நடுவே சாத்தனார் சோற்றை வைத்திருக்கிறார். அந்த வரிசையை நான் கவனிக்க வெகுநாள் ஆயிற்று.

நாகப்பட்டினத்துப் படிமங்களும் எனக்கு எதிரான சாட்சிதான். ஸ்ரீவிஜய அரசர்கள் ராஜராஜன் காலத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் கிராமம் தானமாக விடப்பட்டது. மிஞ்சி நின்ற செங்கல் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. 1856இலிருந்து அந்த ஊரில் கிடைத்த வெண்கலப் படிமங்கள் 350 அளவில் இருக்கும்; பல எழும்பூர் மியூசியத்தில் உள்ளன. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் படிமங்கள் நிறைய. சிலவற்றின் பீடத்தில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. யாரோ வேண்டிக்கொண்டு, காசு சேர்த்து, வார்க்கச் சொல்லி வைத்தது. சூன்யவாதத்தை நிரூபிக்க யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள்.

1898இல் அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இலிருந்து அவர் நடத்திய பத்திரிகையில் தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும்கூட பௌத்த விளக்கம் உண்டு. அதே 1907இல் விஞ்ஞானப் பேராசிரியர் லட்சுமிநரசு பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பகுத்தறிவோடு முழுதும் ஒத்துப்போகிற பௌத்தம் அது. ஒரே நகரம், ஒரே காலம். நரசுவைப் படிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சியைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறேன். பறையர் என்ற பெயர் தம்மேல் சுமத்தப்பட்டது, தம் முன்னோர் பூர்வ பௌத்தர் என்று சொன்ன மனிதருக்குப் பண்டிகையும் பஞ்சாங்கமும் ஏன் தேவைப்பட்டன என்று நான் யோசித்ததில்லை. சேரியில் பிறப்பும் சாவும் நாள் தவறாமல் வருகின்றன. அவற்றை நடத்தித்தர ஏதாவது வேண்டும்.

அம்பேத்கர் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். நரசுவின் நூல் 1948இல் மறுபடி வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அவர். மதம் தனிமனிதனுக்கு உரியது, தம்மம் சமூகத்துக்கு உரியது என்று பிரித்துக் காட்டியவரும் அவரே. ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர் முன்னால் அவர் வைத்தது தத்துவ விளக்கத்தை அல்ல, 22 உறுதிமொழிகளை. சிரார்த்தம் செய்வதில்லை, பிண்டம் வைப்பதில்லை, பிராமணரைக் கொண்டு சடங்கு நடத்துவதில்லை என்பவையும் அவற்றில் உண்டு. விட வேண்டியவற்றின் பட்டியல் அது. விட்டவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் பௌத்தரையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. பட்டியல் சாதியினருக்கான உரிமைகளோ பௌத்தராக மாறியவருக்கு 1990 வரை மறுக்கப்பட்டன. கல்யாணத்துக்கு இந்து, உரிமைக்கு அந்நியன். பௌத்தம் மதமா என்ற கேள்வி அவர்களுக்கு ஆபீஸ் விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம்.

மதம் என்று ஒப்புக்கொண்டால் அதன் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கையின் 1972ஆம் வருஷத்து அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அந்த இடத்தின் பெயரால் தமிழருக்கு நேர்ந்தவற்றைப் பேசும்போதெல்லாம், அது உண்மையான பௌத்தமல்ல என்று சொல்லி நகர்ந்துவிடுவது என் வழக்கம். தத்துவத்தின் கையில் ரத்தம் படிவதில்லை. இதுவும் ஒரு சௌகரியம்.

சென்ற வருஷம் என் தகப்பனாரின் திவசம். எள்ளும் தண்ணீரும் விட்டுப் பிண்டம் வைத்தேன். புரோகிதருக்கு வேறு வீடு போக வேண்டிய அவசரம். அன்று சாயங்காலம் நண்பர் ஒருவரோடு நாகார்ஜுனர் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. பௌத்தம் எனக்கு மதமாக இருந்திருந்தால், காலையில் எழுந்ததும் அந்தத் தர்ப்பையைத் தொடுவதா வேண்டாமா என்று நான் தீர்மானித்திருக்க வேண்டும்.