பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் (போர்ட்டோ அலெக்ரே)

உள்ளாட்சிப் பணத்தில் எந்த வேலையை முதலில் செய்வது என்பதைக் குடியிருப்போரே கூடிப் பேசி முடிவுசெய்யும் முறை பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் எனப்படுகிறது. பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லின் தலைநகர் போர்ட்டோ அலெக்ரேயில் இது 1989இல் தொடங்கியது. இன்று உலகெங்கும் பல நகரங்கள் இதைப் பின்பற்றுகின்றன. செலவைத் தேர்ந்தெடுக்கும் பகுதி பரவலாகப் பேசப்படுகிறது. வரவைக் கூட்டிய பகுதி அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. போர்ட்டோ அலெக்ரேயின் ஏற்றமும் இறக்கமும் பெரிதும் இந்த இரண்டாம் பகுதியைச் சார்ந்தே இருந்தன.

பின்னணி

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி நடந்தது. அதன் இறுதிக் காலத்தில் நகரின் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1983இல் ஒரு கூட்டமைப்பை அமைத்தன. நகராட்சிப் பணம் எங்கே போகிறது என்பதில் தங்களுக்கும் சொல் வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பியது அந்தக் கூட்டமைப்புதான். தொழிலாளர் கட்சியின் கண்டுபிடிப்பாக மட்டும் இத்திட்டத்தைச் சொல்வது முழு உண்மையாகாது. 1988 தேர்தலில் அக்கட்சி வென்றது; வங்கி ஊழியர் சங்கத் தலைவராக இருந்த ஒலிவியோ டுட்ரா மேயரானார்.

பொறுப்பேற்றபோது கஜானா ஏறத்தாழக் காலி. வருவாயில் பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்கே போனது. முதல் ஆண்டில் மக்களைக் கூட்டிக் கேட்டபோது தார்ச்சாலை, பாதாளச் சாக்கடை, குடிநீர், பள்ளி எனக் கோரிக்கைகள் குவிந்தன. செய்யப் பணம் இல்லை. பட்டியலில் ஏறிய வேலைகளில் மிகச் சிலவே நடந்தன. மறு ஆண்டுக் கூட்டங்களுக்கு நகரம் முழுவதிலிருந்தும் ஆயிரம் பேர்கூட வரவில்லை. வெறுங்கையோடு கருத்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வருவாய்

அடுத்து நகராட்சி வரிகளில் கைவைத்தது. வீடு, மனை மதிப்புகள் திருத்தப்பட்டன. விலை கூடிய சொத்துக்குக் கூடுதல் விகிதம் என்ற படிநிலைச் சொத்து வரி வந்தது. சேவை வரி வசூலும் இறுக்கப்பட்டது. மாமன்றத்தில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத நிலையில் குடியிருப்போர் சங்கங்கள் இந்த வரித் திருத்தத்துக்குத் துணை நின்றன. வரி கூட்டச் சொல்லி மக்கள் வருவது அரிது. அந்தப் பணம் தங்கள் தெருவுக்கு வரும் என்ற நம்பிக்கையே அவர்களை வரவழைத்தது. 1988ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு நகராட்சிகளுக்கு மத்திய, மாநில வரிகளில் கூடுதல் பங்கு தந்ததும் கைகொடுத்தது. சில ஆண்டுகளில் மொத்த வருவாயில் சொத்து வரியின் பங்கு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. சொத்தின் மதிப்புக்கேற்ப விகிதத்தை ஏற்றும் நகராட்சிச் சட்டங்களுக்கு அரசியலமைப்பு இடம் தரவில்லை என்றே பிரேசில் உச்ச நீதிமன்றம் கருதியது. 2000ஆம் ஆண்டின் 29ஆம் திருத்தம் வந்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

செயல்முறை

நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டுதோறும் நடக்கும் வட்டாரக் கூட்டங்களில் யாரும் கலந்துகொண்டு வாக்களிக்கலாம். சங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் வந்தார்களோ அதற்கேற்ப வட்டாரத்துக்குப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். ஆகவே ஆள் திரட்டுவதே ஒரு வேலையாயிற்று. பிரதிநிதிகள் வீதி வீதியாகச் சென்று பார்த்துக் கோரிக்கைகளை வரிசைப்படுத்துவார்கள். வட்டாரத்துக்கு இருவர் வீதம் தேர்வாகும் உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டக் குழுவில் அமர்வார்கள். அவர்களுக்குப் பதவிக்காலம் ஓராண்டு. தேர்ந்தெடுத்தவர்களே திரும்ப அழைக்கவும் முடியும். 1994இல் துறைவாரிக் கூட்டங்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று பொருளாதார வளர்ச்சியையும் வரிவிதிப்பையும் எடுத்துக்கொண்டது.

பணத்தைப் பங்கிட ஒரு கணக்கு உண்டு. வட்டாரத்தின் மக்கள்தொகை, அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவு, வட்டாரம் அதற்குத் தந்த முன்னுரிமை ஆகிய மூன்றுக்கும் புள்ளிகள் தரப்படும். சத்தமாகப் பேசும் வட்டாரத்துக்கே எல்லாம் போய்விடாமல் தடுத்தது இந்தக் கணக்குதான். கணக்கின் விதிகளையும் குழுவே ஆண்டுதோறும் திருத்தலாம். இறுதி ஒப்புதல் மட்டும் மாமன்றத்திடமே இருந்தது. சம்பளம், கடன் போன்ற கட்டாயச் செலவுகள் போக மிஞ்சும் முதலீட்டுத் தொகைதான் உண்மையில் மக்கள் கைக்கு வந்தது.

விளைவு

1990களில் குடிநீர், சாக்கடை இணைப்புகள் பெருகின. நகராட்சிப் பள்ளிகளும் கூடின. தொடக்கத்தில் பல வட்டாரங்கள் கேட்டது தார்ச்சாலை. பின்னாளில் வீட்டுவசதி மேலே வந்தது. கூட்டங்களுக்கு வந்தோரில் ஏழைகளும் பெண்களும் கணிசமாக இருந்ததை அக்கால ஆய்வுகள் காட்டின. குழு மட்டத்துக்கு ஏற ஏறப் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. 1996இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐ.நா. குடியிருப்பு மாநாடு இதைச் சிறந்த நடைமுறைகளுள் ஒன்றாக ஏற்றது. 2002 வாக்கில் கூட்டங்களுக்கு ஏறத்தாழ 17,000 பேர் வந்தனர்.

2000களின் தொடக்கத்தில் நகரின் நிதிநிலை சரிந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த வேலைகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நின்றன. 2004 தேர்தலில், 16 ஆண்டுகளுக்குப் பின், தொழிலாளர் கட்சி தோற்றது. வென்ற ஜோசே ஃபோகாசா திட்டத்தைத் தொடர்வதாக வாக்களித்திருந்தார். தொடரவும் செய்தார், ஆனால் அதன் எடை குறைந்தது. 2017இல் கூட்டச் சுற்றே நிறுத்திவைக்கப்பட்டது.

பிற இடங்கள்

பெரு 2003இல் இம்முறையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. நியூயார்க்கில் 2011இலும் பாரிஸில் 2014இலும் தொடங்கியது. இரண்டிலும் குடியிருப்போர் செலவை மட்டுமே முன்மொழிகிறார்கள். வரவு அவர்கள் பேச்சில் இல்லை. கலிபோர்னியாவின் வல்லேஹோ இந்த வகையில் வேறுபட்டது. 2008இல் திவால் மனு கொடுத்த அந்நகரில், 2011 நவம்பரில் வாக்காளர்கள் ஒரு சதவீதக் கூடுதல் விற்பனை வரியைத் தாங்களே ஏற்றுக்கொண்டனர். அந்த வரி வரவில் 30 சதவீதத்தை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களிடமே விட, மறு ஆண்டு நகர மன்றம் முடிவுசெய்தது.