வெட்டுப்புள்ளியும் போரும்: ஐக்கிய அமெரிக்கப் படைச்சேர்ப்புச் சோதனைகள் பற்றிய ஒரு நோக்கு

படையிற் சேர்வதற்கான சோதனைப் புள்ளி, சோதனைக்குத் தோற்றுபவனின் ஆற்றலை அளப்பது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை நோக்குமிடத்து, அப்புள்ளி அரசின் ஆட்தேவையையே பெரிதும் அளந்து வந்துள்ளது என்பது எமது கருத்தாகும். வெட்டுப்புள்ளி என்ற சொல்லின் கனத்தை நன்கறிந்த எம் வாசகருக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியதும், ரொபேட் யேர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் எழுத்தறிவுடையோர்க்கு 'அல்பா', அல்லாதோர்க்கு 'பீற்றா' எனும் சோதனைகளை வகுத்தனர். ஏறத்தாழ 17 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். அமெரிக்க விளையாட்டு வீரர்கள், விற்பனைப் பண்டங்கள் பற்றிய வினாக்களும் அல்பாவில் இடம்பெற்றன. அவற்றை அறியாத குடியேறிகளின் அறியாமை, நுண்மதிக் குறைவாகப் பதிவாயிற்று. இத்தரவுகளைக் கொண்டு 1923இல் இன ஏற்றத்தாழ்வை நிறுவ முயன்ற கார்ல் பிரிகம், 1930இல் தம் முடிவுகளைத் தாமே கைவிட்டார். எனினும் அல்பாவைத் தழுவி அவர் ஆக்கிய எஸ்.ஏ.ரீ. சோதனை 1926இலிருந்து நிலைபெற்றது. பிற்காலத்தில் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர் இச்சோதனைப் புள்ளிகளுடன், பெரும்பாலும் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையையும் பெறவேண்டியவராயினர். அதிகாரியாவதற்குப் புள்ளி மட்டும் போதாது போலும்!

சாதாரண சிப்பாய்களுக்கென 1950இல் படைத்துறைத் தகைமைச் சோதனை நடைமுறைக்கு வந்தது. இதன் புள்ளி சதமணை வரிசையில் அமைந்தது. 30 பெற்றவன் நூற்றுவரில் முப்பதின்மர் அளவினன். 10இற்குக் கீழ்ப்பட்டோரைச் சட்டம் விலக்கியது. 10 முதல் 30 வரையிலான நான்காம் வகுப்பினரே வேண்டும்போது அழைக்கப்பட்டும் வேண்டாதபோது தள்ளப்பட்டும் வந்தனர்.

1966ஆம் ஆண்டு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. வியற்நாம் போருக்கு மேன்மேலும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில், 1951இற் தொடங்கப்பட்ட கல்லூரித் தகைமைச் சோதனை மீண்டும் நடத்தப்பட்டது. அதில் 70 புள்ளி பெற்ற பட்டதாரி மாணவனல்லாத கல்லூரி மாணவனும், 80 பெற்ற பட்டப்பின் மாணவனும் கட்டாயச் சேவையிலிருந்து ஒத்திவைப்புக் கோரலாம். ஓகஸ்ற் மாதத்தில் பாதுகாப்புச் செயலாளர் ரொபேட் மக்னமாரா, முன்னர் தள்ளப்பட்ட தாழ்புள்ளியாளரை ஆண்டுதோறும் ஓரிலட்சம் பேர்வரை சேர்க்கும் திட்டத்தை அறிவித்தார். உயர்புள்ளி ஒருவனை வீட்டில் இருத்திய அதே ஆண்டில், தாழ்புள்ளி மற்றொருவனைப் போருக்கு அனுப்பியது. நடுத்தர வர்க்கத்து மாணவரைத் தொடாமல் ஆட்தொகையைப் பெருக்குவதற்கு இதனினும் வசதியான வழி இருந்திருக்க முடியாது.

இத்திட்டம் வறியோருக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் சமூக நலப்பணியாகவே விளக்கப்பட்டது. 1971இல் முடிவுறுமுன் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ ஐவரில் இருவர் கறுப்பினத்தவர். விசேட கல்வி கிடைத்தோர் மிகச் சிலரே. பலர் காலாட்படைக்கே சென்றனர். உயிருடன் மீண்டோர், படையிற் சேராத தம்மொத்தவரிலும் மேம்பட்ட வாழ்க்கை பெறவில்லை என 1991இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

1973இல் கட்டாயச் சேர்ப்பு ஒழிந்தபின் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1976இல் எல்லாப் படைகளுக்கும் பொதுவாக்கப்பட்ட புதிய சோதனையின் புள்ளி அட்டவணை பிழையாகக் கணிக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு ஐவரளவே நான்காம் வகுப்பினர் என நம்பப்பட்டபோது, உண்மையில் முப்பதின்மரளவில் இருந்தனர். 1980இல் பிழை வெளிப்படும்வரை இலட்சக்கணக்கானோர், தகுதியற்றோர் என அறியப்படாமலே சேவை செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கடமையைத் திருப்திகரமாகவே ஆற்றினர் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. ஆயினும் காங்கிரஸ் ஆராயப் புகுந்தது வெட்டுப்புள்ளியின் நியாயத்தையன்று. நான்காம் வகுப்பினருக்கு 20 சதவீத உச்சவரம்பையே அது விதித்தது.

2022இல் தரைப்படை தன் சேர்ப்பு இலக்கில் 15,000 பேரளவு பின்தங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் தென் கரோலைனாவின் போட் ஜக்சன் முகாமில், 31இற்குக் கீழ் 21 வரை பெற்றோர்க்குப் 90 நாள்வரையான பாடவகுப்புகள் தொடங்கப்பட்டன. மக்னமாராவின் ஆட்களுக்கு வாக்களிக்கப்பட்ட வகுப்பறை, ஆள் கிடைக்காத காலத்திலேதான் திறக்கப்பட்டது.